கற்பனைக் கொள்ளைக்காரனுக்குச் சொந்தக்காரர் உண்டு! நிஜக் கொள்ளைக்காரனுக்கு?

மாதேஸ்வரன் மலை:

அமாவாசை வந்தால் மாதேஸ்வரன் மலையில் கால் வைக்க இடம் இருக்காது. கொள்ளேகால் பக்கம் இருந்து ஒரு கூட்டம் வரும். மேட்டூர், கொளத்தூர் வழியாகப் பாலாற்றைத் தாண்டி இன்னொரு கூட்டம் வரும். சேலம், ஈரோடு, தர்மபுரி பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தச் சாமிதான் குலதெய்வம்.

1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி வரை கொள்ளேகால் தாலுகா, சென்னை ராஜ்யத்தின் கோவை மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலம் பிரித்தபோது மைசூருடன் சேர்ந்தது. 1997-ல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்து சாம்ராஜ்நகர் மாவட்டம் அமைத்தார்கள். கோடு மாறியதே தவிர, மலைக்கு வரும் ஜனங்கள் மாறவில்லை.

மலை ஏறும் பஸ்சில் வயதானவர்கள் "உகே மாதப்பா" என்று குரல் கொடுக்கிறார்கள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் தலை நிமிர்வதில்லை. கையில் செல்போன். அதில் காடு, துப்பாக்கி, ஓடும் மனிதர்கள். "டுமீல், டுமீல்" என்று சத்தம்.

அந்தப் பையன்கள் கடந்து வந்த பாலாற்றின் அருகில்தான் 1993-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி நிஜமாகவே கண்ணிவெடி வெடித்தது. 22 பேர் செத்தார்கள். வெடி வைத்தது சந்தனக்கடத்தல் வீரப்பன் கூட்டம். இந்த மலைத்தொடரில் உள்ள கோபிநத்தம்தான் வீரப்பன் பிறந்த ஊர்.

வீரப்பன் கதையைச் சினிமாவாக எடுத்தாகிவிட்டது. டெலிவிஷன் தொடராகவும் வந்துவிட்டது. இனி யாராவது அதைச் செல்போன் விளையாட்டாகச் செய்தால்? அதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? யார் வழக்குப் போட முடியும்?

பெங்களூரில் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் கம்பெனிகள் பல இருக்கின்றன. நம் பிள்ளைகளும் அங்கே வேலை பார்க்கிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

ராமநகரத்துக் கப்பார்சிங்

முதலில் கற்பனைக் கொள்ளைக்காரனைப் பார்ப்போம்.

பெங்களூரில் இருந்து மைசூருக்கு ரெயிலில் போகிறவர்கள் ராமநகரத்துப் பாறைக்குன்றுகளைப் பார்த்திருப்பார்கள். 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி வெளிவந்த "ஷோலே" இந்திப் படம் அங்கேதான் எடுக்கப்பட்டது. அதில் வரும் கொள்ளைக்காரன் கப்பார்சிங். அந்தப் பெயரில் ஒரு நிஜக் கொள்ளைக்காரன் 1950-களில் சம்பல் பள்ளத்தாக்கில் இருந்தான். ஆனாலும் அம்ஜத்கான் நடித்த கப்பார்சிங், எழுத்தாளர்கள் உருவாக்கிய பாத்திரம்.

2007-ல் ராம்கோபால் வர்மா அதே கதையைத் தழுவி ஒரு படம் எடுத்தார். ஷோலே படத்தின் உரிமையாளர்கள் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனார்கள். 2015-ல் தீர்ப்பு வந்தது. பாத்திரங்களையும் கதைப்போக்கையும் தெரிந்தே எடுத்துக்கொண்டது குற்றம் என்று சொன்ன கோர்ட்டு, ரூ.10 லட்சம் நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது.

சினிமாவுக்குப் பதிப்புரிமை 60 ஆண்டுகள். ஷோலே படத்துக்கு அது 2035-ம் ஆண்டு முடியும் வரை இருக்கிறது. கதை, வசனத்துக்கு உரிமை, எழுதியவர் ஆயுள் காலமும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும். ஆகவே கப்பார்சிங்கை விளையாட்டில் காட்ட விரும்புகிறவர், உரிமையாளரின் கையெழுத்து வாங்கித்தான் ஆக வேண்டும். "பெயரை மட்டும் மாற்றிவிட்டோம்" என்பது பதில் ஆகாது. வர்மா படத்திலும் பெயர் "பப்பன்" என்றுதான் இருந்தது.

ஆட்டோ சங்கர் வழக்கு

நிஜ மனிதன் கதை வேறு. ஒருவன் வாழ்க்கையில் நடந்த சம்பவங்களுக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை யாரும் "எழுதியது" இல்லை அல்லவா?

அப்படியானால் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் காட்டலாமா? இதற்கு விடை சொல்லும் முக்கியமான தீர்ப்பு, ஒரு தமிழ்ப் பத்திரிகையின் வழக்கில் வந்தது.

மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் ஜெயிலில் எழுதிய சுயசரிதையை வெளியிட "நக்கீரன்" பத்திரிகை ஏற்பாடு செய்தது. அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். ஆசிரியர் கோபால் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். பின்னாளில், 2000-ம் ஆண்டில், நடிகர் ராஜ்குமாரை மீட்பதற்காக வீரப்பனிடம் தூது போனவரும் இதே கோபால்தான்.

1994-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. அதன் சாரம் இதுதான்:

ஒருவருடைய சொந்த வாழ்க்கை, குடும்பம், கல்யாணம், பிள்ளைகள் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது. ஆனால், கோர்ட்டு ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடலாம். அதற்குச் சம்மதம் தேவையில்லை. ஆவணத்தைத் தாண்டிப் போய் அந்தரங்கத்தில் கை வைத்தால், அதன் விளைவை வெளியிட்டவர் ஏற்க வேண்டும். கற்பழிப்பு போன்ற கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரை மட்டும், ஆவணத்தில் இருந்தாலும், விளம்பரப்படுத்தக்கூடாது.

இந்த அளவுகோல் பத்திரிகைக்கு மட்டும் அல்ல. சினிமாவுக்கும் இதையே கோர்ட்டுகள் எடுத்து வைத்துப் பார்க்கின்றன. விளையாட்டுக்கும் வேறு அளவுகோல் கிடையாது. பிரபலமானவர்களின் பெயர், உருவம் பற்றி நம் நாட்டில் தனியாக ஒரு சட்டம் இயற்றப்படவில்லை. கோர்ட்டு தீர்ப்புகள்தான் வழிகாட்டி.

முத்துலட்சுமி போட்ட வழக்கு

வீரப்பன் 2004-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே அதிரடிப்படையால் சுட்டுக்கொல்லப்பட்டான். அதன் பிறகு அவன் கதையை டைரக்டர் ஏ.எம்.ஆர்.ரமேஷ் சினிமாவாக எடுத்தார். கன்னடத்தில் "அட்டஹாச", தமிழில் "வனயுத்தம்". வீரப்பனாக நடித்தவர் கிஷோர்.

வீரப்பனின் மனைவி முத்துலட்சுமி எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். கணவரையும் குடும்பத்தையும் தவறாகக் காட்டுகிறார்கள் என்பது அவர் புகார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. முத்துலட்சுமிக்கு ரூ.25 லட்சம் கொடுப்பது என்று முடிவாயிற்று. 2013-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி படம் வெளிவந்தது. பிறகு அதே டைரக்டர் எடுத்த இணையத் தொடருக்கு, முத்துலட்சுமி மனுவின் பேரில் பெங்களூர் கோர்ட்டு ஒன்று 2021-ல் இடைக்காலத் தடை விதித்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீரப்பன் செய்த கொலைகளும் கடத்தல்களும் வழக்கு ஆவணங்களில் இருக்கின்றன. அவற்றைக் காட்டுவதைத் தடுப்பது கடினம். ஆனால் முத்துலட்சுமி உயிரோடு இருப்பவர். பெண் குழந்தைகளைப் பெற்றவர். அவர் வீட்டுக்குள் நடந்தது பொதுச் சொத்து ஆகிவிடாது. சினிமாவோ விளையாட்டோ, ஒரு பாத்திரத்துக்கு "மனைவி" என்று பெயர் வைத்துக் காட்டியவுடன், உயிரோடு இருக்கும் ஒருவரின் உரிமை குறுக்கே வருகிறது.

இறந்தவருக்கு உரிமை உண்டா?

ஜெயலலிதா வாழ்க்கையை "தலைவி" என்று படம் எடுத்தபோது, அண்ணன் மகள் தீபா சென்னை ஐகோர்ட்டில் தடை கேட்டார். 2021-ம் ஆண்டு ஏப்ரலில் ஐகோர்ட்டு அதைத் தள்ளுபடி செய்தது. ஒருவர் வாழ்நாளில் சம்பாதித்த அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடுகின்றன. நிலம், நகை போல வாரிசுக்கு வருவதில்லை என்று கோர்ட்டு கூறியது.

ஆனாலும் இறந்தவரைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று அர்த்தம் இல்லை. குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இறந்தவர் மீது அவதூறு சொன்னால், அதுவும் குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499-வது பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் 356-வது பிரிவாக இருக்கிறது.

டிரேட் மார்க் சட்டத்தில் இன்னொரு கணக்கு. உயிரோடு இருப்பவர், அல்லது இறந்து 20 ஆண்டு ஆகாதவர் ஒருவரோடு சம்பந்தம் இருப்பதுபோல் காட்டும் பெயரைப் பதிவு செய்யப் போனால், அவரிடமோ, சட்டப்படியான வாரிசிடமோ எழுத்து மூலம் சம்மதம் கொண்டுவரும்படி பதிவாளர் கேட்கலாம். வீரப்பன் விஷயத்தில் அந்த 20 ஆண்டு 2024 அக்டோபரில் முடிந்துவிட்டது.

வேறு ஒரு பொறியும் உண்டு. சம்பவத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்றால், போட்டோவுக்கு உண்டு. அந்தப் பெரிய மீசைப் படங்களும் வீடியோப் பேட்டிகளும் எடுத்தவர்களுக்குச் சொந்தம். சினிமாக்காரர் கற்பனையாகச் சேர்த்த காட்சியும் வசனமும் அவருக்குச் சொந்தம். "நிஜக் கதைதானே" என்று சினிமாவில் இருந்து காட்சியைத் தூக்கி விளையாட்டில் வைத்தால், ஷோலே வழக்கின் கதைதான்.

ரஜினியும் சல்மான்கானும்

உயிரோடு இருக்கும் பிரபலங்கள் விஷயத்தில் கோர்ட்டுகள் இன்னும் கண்டிப்பு.

பெங்களூரில் கண்டக்டராக இருந்து சினிமாவுக்குப் போன ரஜினிகாந்த், தன் பெயரில் வந்த "மெய்ன் ஹூன் ரஜினிகாந்த்" என்ற இந்திப் படத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். 2015-ல் சென்னை ஐகோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புக் கூறியது. பெயர், உருவம், பேசும் பாணி, கேலிச்சித்திரம் எதையும் அனுமதி இல்லாமல் பயன்படுத்தக்கூடாது என்றது. பார்த்தவுடன் இன்னார் என்று தெரிந்துவிட்டால் போதும்; ஏமாற்றினார்கள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்பது அந்தத் தீர்ப்பின் முக்கிய அம்சம்.

செல்போன் விளையாட்டே கோர்ட்டுக்கு வந்த வழக்கும் உண்டு. 2021-ல் மும்பையில் ஒரு கம்பெனி "செல்மோன் போய்" என்ற விளையாட்டை வெளியிட்டது. பெயரும் உருவமும் நடிகர் சல்மான்கானை ஞாபகப்படுத்தின. 2002-ல் நடந்த கார் விபத்து வழக்கையும் அது தொட்டது. அந்த வழக்கில் அவரை 2015-ல் மும்பை ஐகோர்ட்டு விடுதலை செய்திருந்தது. சல்மான்கான் மும்பை சிவில் கோர்ட்டுக்குப் போனார். 2021 செப்டம்பரில் கோர்ட்டு விளையாட்டுக்குத் தடை போட்டது. பெயரில் இரண்டு எழுத்தை மாற்றியது கம்பெனியைக் காப்பாற்றவில்லை.

எல்லாத் தீர்ப்பும் ஒரே பக்கம் என்று நினைக்க வேண்டாம். கிரிக்கெட் வீரர்களின் பெயர், ரன் கணக்கு, கையால் வரைந்த படம் ஆகியவற்றை வைத்து நடத்தப்பட்ட ஆன்லைன் விளையாட்டு பற்றி 2023 ஏப்ரலில் டெல்லி ஐகோர்ட்டு வேறு விதமாகச் சொன்னது. ஊரறிந்த தகவலை யாரும் தனிச்சொத்து ஆக்க முடியாது. கேலி, கலை, செய்தி ஆகியவற்றுக்குப் பேச்சுரிமையின் பாதுகாப்பு உண்டு என்று கூறித் தடை விதிக்க மறுத்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது தனி விஷயம். பெயர், உருவம் பற்றிய இந்தத் தீர்ப்பின் கருத்து, பணம் இல்லாத விளையாட்டுக்கும் பொருந்தக்கூடியது.

வெளிநாட்டில் நடந்தவை

அமெரிக்காவின் "கால் ஆப் டூட்டி" என்ற போர் விளையாட்டில், பனாமா நாட்டின் முன்னாள் சர்வாதிகாரி நோரியேகாவை வில்லனாகக் காட்டினார்கள். ஜெயிலில் இருந்தபடியே அவர் 2014-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டார். சில மாதங்களில் அது தள்ளுபடி ஆயிற்று. சரித்திரத்தில் இடம் பெற்றவரைக் கதையில் காட்டுவது பேச்சுரிமை என்று கோர்ட்டு கருதியது.

அதே விளையாட்டில் அங்கோலா நாட்டுக் கலகப்படைத் தலைவர் சவிம்பியும் வருகிறார். வீரப்பனைப் போலக் காட்டில் இருந்தே பல ஆண்டுகள் போரிட்டு, 2002-ல் சுட்டுக்கொல்லப்பட்டவர். அவருடைய பிள்ளைகள், தகப்பனாரைக் காட்டுமிராண்டியாகக் காட்டுகிறார்கள் என்று பிரான்சு நாட்டில் 10 லட்சம் யூரோ கேட்டு வழக்குப் போட்டார்கள். 2016-ல் தோற்றார்கள்.

"கிராண்ட் தெப்ட் ஆட்டோ" என்ற விளையாட்டைத் தயாரிக்கும் ராக்ஸ்டார் கம்பெனிக்கு பெங்களூரிலும் கிளை இருக்கிறது. அதில் வரும் ஒரு பெண் தன்னைப் போல இருப்பதாக நடிகை லிண்ட்சே லோகன் நியூயார்க்கில் வழக்குப் போட்டார். அடையாளம் தெரியும்படி இல்லை என்று 2018-ல் மேல்கோர்ட்டு தள்ளியது.

அமெரிக்கத் தீர்ப்பைக் காட்டி இந்தியக் கோர்ட்டில் தப்பித்துவிடலாம் என்று நம் கம்பெனிகள் நினைக்க முடியாது. நோரியேகா அங்கே தோற்றார். சல்மான்கான் இங்கே ஜெயித்தார்.

புலி மேல் வரும் சாமி

இந்த மலையில் இன்னொரு நாயகனும் உண்டு. புலியை வாகனமாகக் கொண்ட மாதேஸ்வரன். 2023-ல் மலை மேல் 108 அடி உயரச் சிலை திறந்திருக்கிறார்கள். மாதேஸ்வரன் கதையைத் தேவரகுட்டர்கள் கம்சாளை என்ற வெண்கலத் தாளத்தைத் தட்டிக்கொண்டு விடிய விடியப் பாடுவார்கள். வாய்மொழியாக வந்த அந்தக் கதைக்கு உரிமையாளர் கிடையாது. ஆனால் ஒருவர் தொகுத்து அச்சிட்ட புத்தகத்துக்கும், பாடிப் பதிவு செய்த பாட்டுக்கும் உரிமை உண்டு.

சாமியை விளையாட்டில் காட்டினால் வரும் பிரச்சினை வேறு. 2009-ல் ஐதராபாத் கம்பெனி ஒன்று, சோனியின் "பிளேஸ்டேஷன் 2" கருவிக்காக அனுமானை நாயகனாக வைத்து விளையாட்டு செய்தது. பக்தன் கும்பிடும் தெய்வத்தை ஆடுகிறவன் விரலால் ஆட்டிவைப்பதா என்று அமெரிக்காவில் உள்ள இந்துக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நம் நாட்டில் மத உணர்வை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் புதிய சட்டத்தின் 299-வது பிரிவுப்படி 3 ஆண்டு வரை ஜெயில் கிடைக்கும். கெட்ட எண்ணம் இருந்ததாக நிரூபிக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் கம்பெனி எத்தனை தடவை கோர்ட்டுப் படி ஏறவேண்டி வரும்?

பெயர் இல்லாதவர்கள்

இதுவரை பார்த்தவர்கள் எல்லோரும் பெயர் பெற்றவர்கள். ரஜினிகாந்துக்கு வக்கீல் உண்டு. ஷோலேக்குக் கம்பெனி உண்டு. சாமிக்குப் பக்தர்கள் உண்டு. முத்துலட்சுமியும் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார்.

இந்த மலைக் கிராமங்களில் வேறு சிலர் இருக்கிறார்கள். வீரப்பனுக்கு அரிசி கொடுத்தான் என்று அதிரடிப்படை பிடித்துப் போனவர்கள். போலீசுக்குத் துப்புச் சொன்னான் என்று வீரப்பன் ஆட்கள் வெட்டிப் போட்டவர்களின் பெண்டு பிள்ளைகள். மாதேஸ்வரன் மலை முகாமில் அடைத்துச் சித்திரவதை செய்ததாக ஜனங்கள் கொடுத்த புகார்களை, தேசிய மனித உரிமை கமிஷன் அமைத்த நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. 2007-ம் ஆண்டு ஜனவரியில், பாதிக்கப்பட்ட 89 பேருக்கு ரூ.2 கோடியே 80 லட்சம் வழங்க கமிஷன் உத்தரவிட்டது. அவர்களில் பெண்களும் உண்டு.

சினிமா பார்க்கிறவன் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறான். விளையாட்டில் துப்பாக்கி அவன் கையில் இருக்கிறது. "அதிரடிப்படை" என்று ஒரு பொத்தான், "வீரப்பன்" என்று ஒரு பொத்தான். நடுவில் ஓடும் கிராமத்தானைச் சுட்டால் எத்தனை புள்ளி? அந்தக் கிராமத்தானுக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் கோர்ட்டில் அவன் உரிமையும் எளிதில் நிற்காது. "பார்த்தவுடன் இன்னார் என்று தெரியவேண்டும்" என்ற விதி நடிகருக்கு உதவும். கோபிநத்தத்துக் கிழவிக்கு உதவாது.

ஆனால் ஊர்ப் பெயரையும் தேதியையும் அப்படியே போட்டு, அடையாளம் தெரியும்படி ஒருத்தியைக் காட்டினால், அப்போது ஆட்டோ சங்கர் தீர்ப்பு அவளுக்கும் சொந்தம். கொடுமைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது ஜெயிலுக்குப் போகக்கூடிய குற்றம்.

செய்ய வேண்டியது என்ன?

விளையாட்டு செய்ய நினைக்கும் வாலிபர்கள், வேலை தொடங்கும் முன்பே வக்கீலிடம் காட்ட வேண்டிய கேள்விகள் இவை:

பாத்திரம் கற்பனையா, நிஜமா? கற்பனை என்றால் யாருடைய கற்பனை? நிஜ மனிதர் என்றால் உயிரோடு இருக்கிறாரா? நாம் காட்டுவது ஆவணத்தில் இருக்கிறதா, கேள்விப்பட்டதா? மனைவி, பிள்ளைகள் வருகிறார்களா? போட்டோவும் குரலும் யாருடையவை? பாதிக்கப்பட்டவர் யாரையாவது அடையாளம் காட்டிவிடுகிறோமா?

"இதில் வருபவை அனைத்தும் கற்பனையே" என்று முதலில் ஒரு வரி போட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கோர்ட்டு அந்த ஒரு வரியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. அதற்குப் பிறகு வருவதைத்தான் பார்க்கும்.

கோபிநத்தத்தில் ஒரு மாரியம்மன் கோவில் இருக்கிறது. அதை ஊருக்குக் கட்டிக்கொடுத்தவர் வனத்துறை அதிகாரி சீனிவாஸ். வீரப்பனைச் சரணடையச் செய்யலாம் என்று நம்பிப் போனவரை, 1991-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி வீரப்பன் கொன்றான். சர்க்கார் கீர்த்தி சக்ரா விருது கொடுத்தது. வீரப்பன் பிறந்த அதே ஊரில் ஜனங்கள் இன்றும் சீனிவாசை நினைத்துக் கும்பிடுகிறார்கள்.

வீரப்பன் கதையை விளையாட்டாகச் செய்ய வருகிறவர், கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் ஒரு நாள் பஸ் ஏறி இந்த ஊருக்கு வந்து போகட்டும். யார் யாரிடம் கேட்க வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும்.